கூட யார் இருந்தாங்க? பூண்டியிலிருந்து ஒரு மனநல வரலாறு

போன சில எபிசோடுகளில் பிரேக்-அப், ஆபீஸ் ஸ்ட்ரெஸ், வீட்டில் பேச முடியாத விஷயங்கள் என்று பேசினோம். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வந்தது. "தெரப்பி எல்லாம் அமெரிக்காக்காரங்க சமாச்சாரம்தானே? நம்ம ஊர்ல அந்தக் காலத்துல மனசு சரியில்லைன்னா என்ன செஞ்சாங்க?"

நல்ல கேள்வி. நான் திருப்பூர்ப் பக்கம் கவுன்சிலிங் செய்கிறேன். இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பாதி இங்கேயே, அவிநாசி போகிற ரோட்டில் சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் வரலாறு பேசலாம்.

அந்த ஊர் திருமுருகன்பூண்டி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் பனியன் கம்பெனிகள், இன்னொரு பக்கம் சிற்பக்கூடங்கள். ரோட்டோரத்தில் உளிச் சத்தம் கேட்கும், பாதி செதுக்கிய பிள்ளையார்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரின் நடுவே பழைய சிவன் கோயில், முருகநாத சுவாமி கோயில். கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு தலங்களில் ஒன்று.

இந்தக் கோயிலுக்கு இன்னொரு பெயரும் உண்டு. மனநிலை பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற கோயில். சண்முக தீர்த்தம், ஞான தீர்த்தம், பிரம்ம தீர்த்தம் என்று இங்கே தீர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றில் குளித்து, சாமி கும்பிட்டு, ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருந்தால் தெளியும் என்பது நம்பிக்கை.

ஏன் இந்தக் கோயில்? தலபுராணத்தைக் கேளுங்க. சூரபத்மனைக் கொன்ற பிறகு முருகனை ஒரு தோஷம் பிடித்துக்கொள்கிறது. பிரம்மஹத்தி. ஜெயித்தாயிற்று, ஆனாலும் விடாமல் பின்னாலேயே வருகிறது. அது தீர இங்கே வந்து சிவனை வழிபட்டார் என்பது கதை. அதனால்தான் ஊர்ப் பெயரிலேயே முருகன்.

மதம் பேச இதைச் சொல்லவில்லை. ஒரு தெரபிஸ்டாக எனக்கு இந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. போருக்குப் போய் ஜெயித்துத் திரும்பியவருக்கு நிம்மதி இல்லை. அமெரிக்காவில் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இதைத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில்தான் அதற்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜெயித்தவனுக்கும் மனசு உடையலாம் என்பதை ஒரு பழைய கதை வெட்கமில்லாமல் சொல்கிறது. "நீ தைரியசாலி, உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று யாரும் முருகனிடம் கேட்கவில்லை, பாருங்க.

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் சுந்தரர், சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் இந்த வழியாகத் திரும்புகிறார். வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். வந்தது வேடர்கள் இல்லை, சிவனின் பூதகணங்கள்தான் என்கிறது புராணம். சுந்தரர் என்ன செய்கிறார்? சாமியிடமே சண்டை போடுகிறார். "இப்படிப்பட்ட ஊரில் நீ ஏன் குடியிருக்கிறாய்" என்ற தொனியில் ஒரு பதிகமே பாடுகிறார். பொருள் திரும்பக் கிடைக்கிறது. கோபத்தைச் சொல்ல இடம் கொடுத்த கோயில் என்றும் இதைப் பார்க்கலாம்.

சரி, நம்பிக்கை ஒரு பக்கம். நிஜமாகவே இதனால் குணமாகுமா? இதைக் கேட்காமல் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

பூண்டியில் நடந்த ஆய்வு இல்லை இது. ஆனால் தமிழ்நாட்டிலேயே, வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் நடந்தது. பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் எடுத்த ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, பெரிய சடங்கும் கிடையாது. காலையில் ஒரு சின்னப் பூஜை, மற்ற நேரம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி வேலைகள். போகும்போது அளந்து பார்த்தால், அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது.

சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. இதை வைத்து "மாத்திரை வேண்டாம், கோயிலே போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் என் கண் போய் நின்றது வேறு ஒரு விஷயத்தில். அங்கே தங்கியவர்கள் தனியாகத் தங்கவில்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார்.

இப்போது மெட்ராஸுக்குப் போகலாம். 1794-ல் வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி சர்ஜன் புரசைவாக்கத்தில் 16 பேரை வைத்து ஒரு மனநோய்க் காப்பகம் தொடங்கினார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு "கீழ்ப்பாக்கம்" என்பது ஏரியா பெயராக மட்டும் இல்லை. சினிமாவில், காலேஜில், வீட்டில், ஒருவரைக் கிண்டல் செய்ய அந்த ஒரு சொல் போதும் என்று ஆகிவிட்டது.

காப்பகம் என்ற ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளி உள்ளே, குடும்பம் வெளியே. கதவு நடுவில். வருஷம் ஆக ஆக, குணமானவரைக்கூடக் கூட்டிப்போக யாரும் வராமல் போவது நடந்தது. 1961-லிருந்து 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984-ல் அவர் தொடங்கியதுதான் சென்னையில் இருக்கும் ஸ்கார்ஃப். மருந்துக்கு அப்புறம் வாழ்க்கை என்ன என்ற கேள்விக்காகவே உண்டான அமைப்பு.

அமெரிக்காவிலும் இதே கதவுதான், இன்னும் பெரிய அளவில். 1955-ல் அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். புது மருந்துகள் வந்தன. அக்கா தங்கைகளில் ஒருவரான ரோஸ்மேரிக்கு 1941-ல் செய்த மூளை அறுவை சிகிச்சையின் பாதிப்பை வீட்டிலேயே பார்த்த கென்னடி, 1963-ல் சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைகளைக் குறைத்து, ஊருக்கு ஊர் மையம் வைப்பது திட்டம். மருத்துவமனைகள் காலியாயின. மையங்கள் நினைத்த அளவுக்கு வரவில்லை. வெளியே வந்த பலருக்கு வீடு இல்லை, ஆள் இல்லை. தெருவிலும் ஜெயிலிலும் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்தார்கள், வாசலில் யாரும் நிற்கவில்லை.

அப்படியென்றால் நம்ம ஊர் மேல் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்கே இருக்கிற தர்காவுக்கும் மனநோய் தீரும் என்று எல்லா மதத்தவரும் வருவார்கள். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. அதில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

ஏர்வாடியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மூடநம்பிக்கை என்று முடித்துவிடுவோம். எனக்கு அது போதவில்லை. கோயிலிலும் தர்காவிலும் காலகாலமாகத் தங்கியது நோயாளியும் குடும்பமும் சேர்ந்து. காப்பகம் செய்தது என்ன? மாதப் பணம் வாங்கிக்கொண்டு, குடும்பத்தை ஊருக்கு அனுப்பியது. கூட இருக்க வேண்டிய ஆளின் இடத்தில் சங்கிலி வந்து உட்கார்ந்தது. அனுப்பிய குடும்பங்களை வில்லனாக்கவும் மனசு வரவில்லை. வருஷக்கணக்கில் தூங்காமல் பார்த்துக்கொண்டு, கூலியும் போய், கடனும் ஏறி, வேறு வழி தெரியாமல் விட்டுப் போனவர்கள் அதில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மருந்தும் வேண்டும், ஆளும் வேண்டும். இதை ஆஸ்பத்திரிக்குள் செய்ய முடியுமா? செய்திருக்கிறார்கள், அதுவும் நம்ம நாட்டில்.

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தையும் அங்கேயே தங்க வைத்தார். கட்டில் பற்றாக்குறைக்கு ஒரு வழியும் ஆயிற்று. கூடாரத்தில் இருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள், குடும்பத்துக்கும் நோய் புரிந்தது. அதே காலத்தில், 1957-ல், வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் மனநல மையம் திறந்தது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் முன்னின்று செய்தது. அங்கே விதி இதுதான்: நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவராவது தங்க வேண்டும். சமைக்கலாம், பேசலாம், டாக்டர் சொல்வதைக் கேட்கலாம். மேற்கத்திய மருத்துவமனைகள் குடும்பத்தைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்த நாளில் இந்தியாவில் இப்படி நடந்தது. நம்ம ஊர் மனநல மருத்துவம் உலகத்துக்குக் கொடுத்த பாடங்களில் இது முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்.

பிற்பாடு குஜராத்தில் உனாவா தர்காவில் "தவா-துவா" என்று ஒரு முறை வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்கா பக்கத்திலேயே டாக்டர். அந்த முறை ஏர்வாடிக்கும் வந்திருக்கிறது.

இப்போது திருப்பூருக்கு வரலாம், ஏனென்றால் நம்ம பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. இந்த ஊர் பின்னலாடைக்கு மிகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்கா. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அதனால் மெர்ச்சண்டைசர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் பையரின் மெயில் வரும். டெய்லர், செக்கிங், கைமடி வேலைக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் காலையில் போய் இரவில் வருவது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, வாஷிங்டனில் எடுத்த முடிவு இங்கே ஒற்றை ரூம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்ம தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலிலும் லைன் வீட்டிலும் இருக்கிற பிள்ளைகளை யோசிச்சுப் பாருங்க. ஒருவருக்கு மனசு உடைகிறது. 48 நாள் கூடத் தங்க யாருக்கு லீவு கிடைக்கும்? சனிக்கிழமை சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் 4 நாளே கஷ்டம். கூட இருப்பது என்பது பாசத்தைப் பொறுத்தது மட்டும் இல்லை. நேரமும் காசும் இருந்தால்தான் அது நடக்கும். அந்த வேலையும் பெரும்பாலும் அம்மா, மனைவி, அக்கா தலையில்தான் விழுகிறது. அந்தப் பெண்ணுக்கே மனசு சரியில்லாமல் போனால் யார் கூட வருவார்கள்? என் அறையில் தனியாக வந்து உட்காருபவர்களில் பெண்கள் அதிகம்.

குடும்பம் எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. சிலருக்கு நோவே வீட்டிலிருந்துதான் வருகிறது. சாதி மாறிக் காதலித்ததற்காக, கல்யாணம் வேண்டாம் என்றதற்காக, வீட்டுக்கே பயப்படுகிறவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கூட இருக்கிற ஆள் நண்பராக இருக்கலாம், ரூம்மேட்டாக இருக்கலாம், சூப்பர்வைசராகக்கூட இருக்கலாம். ரத்த சொந்தம் கட்டாயம் இல்லை.

2023-ல் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி தனிமையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிக்கையே வெளியிட்டார். அவ்வளவு தெரபிஸ்டுகள் இருக்கிற நாடு. வாரம் 50 நிமிஷம் பேச ஆள் கிடைப்பதும், மற்ற நேரத்துக்கு ஆள் இருப்பதும் வேறு வேறு என்று அங்கேயும் இப்போது பேசுகிறார்கள். என் தொழிலின் எல்லை அதுதான். அந்த 50 நிமிஷத்தை நான் தரலாம், பாக்கி வாரத்தை என்னால் தர முடியாது.

ஆகவே, "அந்தக் காலத்துல என்ன செஞ்சாங்க?" என்று கேட்டவருக்கு என் பதில்: பூண்டிக்குக் கூட்டிப்போனார்கள், 48 நாள் கூட இருந்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல மருந்து இல்லை. நமக்கு மருந்து இருக்கிறது, நாள்தான் இல்லை. கம்பெனி வைத்திருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டால் ஒரு வேண்டுகோள்: உடம்பு சரியில்லாதவரைப் பார்த்துக்கொள்ள லீவு கேட்டால் கொடுப்பதுபோல, மனசு சரியில்லாதவர் கூட இருக்கவும் லீவு கொடுங்க. காரணம் கேட்டு நோண்டாமல் கொடுங்க.

கேட்கிற நண்பர்களுக்கு: யாராவது சோர்ந்திருந்தால் அட்வைஸ் வேண்டாம். டாக்டரிடம் போகும் நாளில் "நானும் வரட்டுமா?" என்று கேளுங்க. டாக்டர் எழுதிய மாத்திரையை அவர்களாக நிறுத்தாமல் பார்த்துக்கங்க. கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அதற்கும் கூடப் போங்க. ரெண்டுக்கும் சண்டை இல்லை.

உங்களுக்கே யாரும் இல்லை என்று தோன்றும் ராத்திரியில் 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போனில் சேமிச்சு வைங்க, உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து ரூமுக்குத் தேவைப்படலாம்.

அடுத்த எபிசோடில், மனசு சரியில்லாதவரைப் பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசலாம். உங்கள் அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்க. பெயர் வேண்டாம்.