அதர் அறிந்தோர்: கொல்லிமலைத் தடங்களும் வரைபடங்களும்

வேட்டைக்குச் சென்றவன் எதை நம்பிக் காட்டுக்குள் வழி நடந்தான்? எருமப்பட்டியில் நின்று வடக்கே நோக்கும்போதெல்லாம் இக்கேள்வி நமக்குள் எழுவதுண்டு. நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள இவ்வூருக்கு வடக்கே கொல்லிமலை நெடுஞ்சுவர் போல் எழுந்து நிற்கிறது. சமவெளியில் இருப்பவருக்கு அம்மலையே திசைகாட்டி. எந்த இட்டேரியில் வழி தவறினாலும், தலையை நிமிர்த்தினால் வடக்கு எதுவென்று தெரிந்துவிடும். மலைக்குள் நுழைந்த பின்னரோ அந்தத் திசைகாட்டி இல்லை. மலை நம்மைச் சுற்றிலும் இருக்கிறது. அதனாலேயே திசை மறைந்துவிடுகிறது.

கொல்லிமலையின் தலைவனாகச் சங்க நூல்கள் போற்றும் வல்வில் ஓரி ஒரு வேட்டுவன். அவன் எய்த அம்பொன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களைத் துளைத்த செய்தியை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பதிவு செய்கிறார். இப்பாடலை அறியாத தமிழ் மாணவர் அரியர். அதே வன்பரணர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய 150ஆம் பாடலில் உள்ள ஒரு சிறு குறிப்பு அந்த அளவு கவனம் பெறவில்லை. வறுமையோடு காட்டில் தளர்ந்திருந்த புலவரை வேட்டைக்கு வந்த ஒருவன் காண்கிறான். தானே தீக்கடைந்து இறைச்சியைச் சுட்டு உண்ணக் கொடுக்கிறான். அவனுடன் வந்த இளையர் அங்கு இல்லை. ஏன்? காட்டு வழியில் அவர்கள் திசை மயங்கிவிட்டார்கள். மன்னனோடு வேட்டைக்கு வந்த வீரர்களே வழி தவறியதைப் புலவர் மறைக்காமல் சொல்கிறார். காட்டில் வழி தவறுவது அன்றைக்கு இழிவன்று, இயல்பு.

அந்த இயல்பை உணர்ந்தே ஓர் இலக்கிய வகை வழிகாட்டுதலைத் தன் கடமையாகக் கொண்டது. ஆற்றுப்படை என்ற சொல்லுக்கே வழிப்படுத்துதல் என்பது பொருள். பெருங்கௌசிகனார் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் விரியும் ஒரு சொல்வரைபடம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தினைப்புனத்தைக் காக்கப் பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே விடிந்த பிறகு செல்லுங்கள். பரண் மீதிருப்போர் எறியும் கவண்கல் குறித்து எச்சரிக்கையாக இருங்கள். வழி மயங்கினால் உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், வெள்ளத்தில் சிக்கியவரின் கூக்குரல் கேட்டு ஓடி வருபவர் போலக் கானவர் விரைந்து வந்து உதவுவர். இவை அந்நூல் தரும் அறிவுரைகளுட் சில. வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துச் சீர்செய்து, பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் அது சொல்கிறது. முடிந்து வைத்த புல்லைவிட எளிய வழிகாட்டி வேறு உண்டா? செலவில்லை, சுமையில்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இனி அச்சிட்ட வரைபடத்திற்கு வருவோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடித்தளக் கோடொன்றை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்ற பணி இது. 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக நாட்டை ஊடறுத்துச் சென்ற அதன் தலையாய அளவைத் தொடர் நம் சேலம், நாமக்கல் வட்டாரத்திற்கு அயலது அன்று. சமவெளியில் குன்றுகள் அகப்படாத இடங்களில் கோயில் கோபுரங்கள் மீது கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சேதமுற்றதும், லாம்டன் அதைத் தம் கையாலேயே பழுது நீக்கியதும் வரலாறு.

அத்தனை உழைப்பும் வேட்டைக்காகச் செய்யப்பட்டதன்று. படை நகர்வும் நில ஆளுகையும் அதன் நோக்கங்கள். ஆயினும் அந்த அடித்தளத்தின் மீது உருவான, ஓர் அங்குலத்தில் ஒரு மைலைக் காட்டும் தாள்கள் பின்னர் வனத்துறைக்கும் வேட்டையாடிய அதிகாரிகளுக்கும் துணையாயின. இங்கே ஒரு முரணை நாம் கவனிக்க வேண்டும். 1878இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1882இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு எல்லை வகுத்தது. வரைபடத்தில் அந்த எல்லைக்கோடு ஏறியதும், உரிமம் பெற்ற துரைக்கு அந்தத் தாள் வழிகாட்டி ஆயிற்று. தலைமுறைகளாக அதே தடத்தில் நடந்தவனுக்கோ அது வேலி ஆயிற்று. ஓரியின் வேட்டையைப் பாடிய புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டு வந்தது 1894இல். ஏட்டிலிருந்த வேட்டுவன் நூலுக்குள் நுழைந்த காலமும், காட்டிலிருந்த வேட்டுவன் வெளியேற்றப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே!

துரைமார் வரைபடத்தை மட்டும் நம்பிச் சென்றார்களா என்றால், இல்லை. அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன், 1954இல் வெளிவந்த தம் முதல் நூலில் பைரா என்னும் பழங்குடி மனிதருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவராக அவரை நன்றியோடு நினைவுகூர்கிறார். பைராவுக்கு ஒரு நூலாசிரியர் வாய்த்தார். பெயரின்றி மறைந்த வழிகாட்டிகளோ எண்ணற்றோர்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் நால்வருடன் நாம் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்றில் ஏறினோம். கையில் நிலவரைத் தாள்கள் இருந்தன. எருமப்பட்டி 58 ஐ/8 என்னும் தாளில் அமைகிறது. மலையின் பெரும்பகுதி அதற்கு வடக்கேயுள்ள 58 ஐ/7இல். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்று. காந்த ஊசியும் வைத்திருந்தோம். தமிழகத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்பதால் ஊசியை அப்படியே நம்பலாம். ஒரு மாணவரின் கைபேசியில் செயற்கைக்கோள் வழிகாட்டியும் இருந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான அதன் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதமே நீக்கிவிட்டது.

இத்தனையும் இருந்தும் வழி தவறினோம். தாளில் ஒரு தடம், தரையில் இரண்டு. அகலமானதைத் தேர்ந்தோம். அது ஆடுமாடுகள் நீருக்குச் சென்ற தடம் என்பது வறண்ட ஓடையில் முடிந்தபோதுதான் தெரிந்தது. பள்ளத்தில் கைபேசிப் புள்ளி இங்கும் அங்கும் தாவியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு சிரித்தார். "தடம் இது இல்லீங்க சார். பின்னால வாங்க, காட்டறனுங்க. எங்க அப்பாரு வேட்டைக்குப் போன தடமுங்க அது" என்றார்.

இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு பாறைக்கும் சுனைக்கும் திருப்பத்துக்கும் அவர் ஒரு பெயர் சொன்னார். பன்றி இறங்கும் இடம், கோடையிலும் நீர் ஊறும் இடம், மழையில் கால் வைக்கக் கூடாத இடம் எனப் பெயரிலேயே செய்தி இருந்தது. அவற்றில் ஒன்றுகூட எங்கள் தாளில் இல்லை. வெட்கத்தோடு தாளை மடித்துப் பையில் வைத்தோம்.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது வேண்டிய சட்டமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வேட்டையோடு வேட்டுவரின் வழியறிவும் புதைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதியவரின் பேரப்பிள்ளைகள் அத்தடத்தில் நடக்க வேண்டிய தேவையில்லை. அவரோடு அப்பெயர்களும் போய்விடும்.

எனவே மலையேறச் செல்வோருக்கு எந்த வரைபடம் நல்லது என்று நம்மிடம் கேட்கும் மாணவர்களுக்கு இன்று நாம் சொல்வது இதுதான்: மேட்டையும் பள்ளத்தையும் அறிய நிலவரைத் தாளை எடுத்துச் செல்லுங்கள். திசைக்குக் காந்த ஊசி போதும். வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். அடிவாரத்தில் ஒரு பெரியவரைத் தேடி வழி கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதி வாருங்கள். பின்வருவோருக்காக நாம் முடிந்து வைக்கக்கூடிய புல் அதுவே.