கோணமலை முனை

கோணமலை முனை, இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலை நகரிலிருந்து வங்கக் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைமுனை. சுவாமிமலை, கோணேசர் மலை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை வேறு. உச்சியில் திருக்கோணேச்சரம் என்னும் சிவன் கோயில், கழுத்துப் பகுதியில் பிரெட்றிக் கோட்டை. இவ்விரண்டின் வரலாறும் பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அவற்றைத் தாங்கி நிற்கும் மலையையும், அதன் மேலும் கீழும் வாழும் உயிர்களையும் பற்றி எழுதியோர் குறைவு. இக்கட்டுரை அந்தப் பக்கத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

நிலமும் பாறையும்

நகரை ஒட்டிய பக்கம் தாழ்ந்து ஒடுங்கியது. கோட்டை வாசல் அங்கேதான் இருக்கிறது. வாசலைக் கடந்ததும் பாதை ஏறத் தொடங்கும். கிழக்கே போகப் போக நிலம் உயர்ந்து, கோயிலுக்கு அப்பால் சட்டென்று அற்றுவிடும். கீழே சுமார் 400 அடிக்குச் செங்குத்தான பாறை, அதன் அடியில் கடல். முனைக்கு வடக்கிலும் தெற்கிலும் இரு குடாக்கள் வளைந்து கிடக்கின்றன. தெற்கில் உள்ளதற்கு டச்சுக்குடா என்று பெயர்.

இலங்கையின் பெரும்பகுதியைப் போலவே இங்கும் அடித்தளம் கேம்பிரியன் காலத்துக்கு முந்திய உருமாறிய பாறை. திருகோணமலையைச் சூழ்ந்த மேடுகளில் குவார்ட்சைட் மிகுதி. மணற்கல் பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தி இறுகிப் பிறக்கும் பாறை அது. மழையும் உப்புக்காற்றும் அதை எளிதில் அரிப்பதில்லை. இத்தகைய கரைகளில் மென்மையான பாறை தேய்ந்து குடாவாகும். வலிய பாறை தேயாமல் முனையாக எஞ்சும்.

கோயிலின் பக்கத்தில் பாறை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடக்கும் இடம் இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்தெடுக்க முயன்ற இராவணன் வாளால் வெட்டிய தழும்பு இது என்பது ஐதீகம். இறுகிய பழம்பாறைகளில் நெடுக்கு விரிசல்கள் இயல்பு. அவற்றில் அலையும் மழைநீரும் புகுந்து அகலப்படுத்தும். எனினும் விளிம்பில் நின்று குனிந்து பார்க்கும்போது, அடியில் அலை மோதி அந்தப் பிளவுக்குள் உறுமிக்கொண்டு ஏறும் ஓசையைக் கேட்டவருக்கு, வாள்வெட்டுக் கதை ஏன் பிறந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்திலும் கடலின் ஆரவாரம் மலையோடு சேர்ந்தே வருகிறது.

காற்றும் மரமும்

இது உலர்வலயம். மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில்தான் பெய்கிறது. அப்போது வாடை நேரே முகத்தில் அறையும், கடல் கொந்தளிக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை காற்று திசை மாறும். மேற்கு மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தத் தரைக்காற்றைக் கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் புல் கருகும்; முனையைச் சுற்றிய கடலோ அமைதியாகக் கிடக்கும். தரையில் பஞ்சம், கடலில் விருந்து என்பது இந்த முனையின் ஆண்டுச் சுழற்சி.

கோட்டைக்குள் பழைய ஆலமரங்கள் விழுது விட்டு நிழல் பரப்புகின்றன. வேம்பும் புளியும் உண்டு. கடற்பக்கச் சரிவில் முட்புதரும் புல்லும்தான் வேர் பிடிக்கின்றன. விளிம்பில் தொற்றி நிற்கும் மரம் ஒன்றில், பிள்ளைவரம் வேண்டியவர்கள் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

மான்கள்

கோட்டைக்குள் நுழைபவர் முதலில் காண்பது புள்ளிமான்களை. இலங்கைப் புள்ளிமான் தனித் துணையினம். காட்டில் மனித வாடை பட்டாலே ஓடிவிடும். இங்கே அவை ஆலமர நிழலில் படுத்து அசைபோடுகின்றன. ஆட்கள் பத்தடி தூரத்தில் போனாலும் காது மட்டும் திரும்பும். வெல்வெட்டுத் தோல் போர்த்த புதுக்கொம்போடு ஒரு கிடா, கோயிலுக்குப் போகும் பாதையோரம் வாழைப்பழத் தோலுக்காகக் கழுத்தை நீட்டி நிற்பது அன்றாடக் காட்சி. கோடையில் கோட்டை நிலத்தில் மேய்ச்சல் போதாமல் போகும். அப்போது அவை நகரத்துக்குள் இறங்கிக் கடற்கரையிலும் தெருவிலும் திரியும்.

இரைக்காக அவை குப்பையையும் கிளறுகின்றன. அசைபோடும் விலங்கு உப்பும் சோறும் ஒட்டிய பொலித்தீன் பையைப் பையோடு விழுங்கிவிடும். முதல் இரைப்பையில் அது செரிக்காமலும் வெளியேறாமலும் உருண்டு சேரும். வயிறு நிறைந்த உணர்வோடு மான் மேய்ச்சலை நிறுத்தும். பிறகு மெலிந்து சாகும். புறத்தே ஒரு காயமும் இராது.

குரங்குகளும் மலையின் குடிகள். உச்சந்தலை மயிர் வட்டமாகப் படிந்து தொப்பி வைத்தாற்போலத் தோன்றும் செங்குரங்கு, இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். அடியார்களின் அருச்சனைத் தட்டில் அதற்கு ஒரு கண் எப்போதும் உண்டு. வானத்தில் செம்பருந்தும், அதைவிடப் பெரிய வெள்ளைவயிற்றுக் கடற்கழுகும் வட்டமிடும். பாறைமுகட்டில் மோதி மேலெழும் காற்றில் கழுகு சிறகசைக்காமல் ஏறும். உச்சியில் நிற்பவர் அதன் முதுகை மேலிருந்து பார்க்கலாம்.

ஆழம் கரைக்கு வந்த இடம்

இம்முனையின் பெருஞ்சிறப்பு கண்ணுக்குத் தெரியாத கடலடியில் இருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடித் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்தக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி ஒரு மாபெரும் கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது; உலகின் பெரியவற்றுள் ஒன்று. மற்றக் கரைகளில் நெடுந்தூரம் போனால்தான் கிட்டும் ஆழம், இங்கே சில கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது. திருகோணமலைத் துறைமுகம் பேரரசுகளை ஈர்த்ததற்கும் திமிங்கிலங்களை ஈர்ப்பதற்கும் இந்த ஆழமே காரணம்.

நீலத் திமிங்கிலம் உலகில் வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது. அதன் உணவோ விரலளவுகூட இல்லாத கூனிறால் போன்றவை. அவை திரளாகச் சேரும் இடத்தைத் தேடியே அது வரும். வட இந்துமாக்கடலின் நீலத் திமிங்கிலங்கள் மற்றவற்றைப்போலக் கோடைக்குத் துருவப் பகுதிக் கடல்களுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. கச்சான் காலத்தில் கோயில் விளிம்பிலிருந்து தொடுவானத்தைப் பொறுமையோடு பார்ப்பவர், நீர்த்தூவானம் ஒரு தூண்போல எழுந்து கலைவதைக் காணலாம். எண்ணெய்த் திமிங்கிலமும், துள்ளிச் சுழலும் ஓங்கில் (டால்பின்) கூட்டமும் இதே கடலில் உண்டு.

1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1980களின் முற்பகுதியில் டூலிப் என்ற ஆய்வுப் படகு இக்கடலில் திமிங்கிலங்களைப் பதிவு செய்தது. பின்னர் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2009 வரை ஆய்வாளர்களுக்கு இக்கடல் ஏறக்குறைய மூடியே கிடந்தது. நீலத் திமிங்கிலத்தைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டிய கால் நூற்றாண்டு இப்படிப் போயிற்று. அது பெரிய இழப்பு.

மலையடியில்

1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று, மற்றொரு பகுதி கடலில் விழுந்தது. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் மூழ்கித் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார்கள்; அங்கிருந்து மீட்ட சிவலிங்கம் இன்று மேலே கோயிலில் இருக்கிறது. எஞ்சிய கற்களில் பாசியும் பவளமும் படிந்துள்ளன. மனிதன் செதுக்கிய தூணின் மூலை மீனுக்கு ஒளிவிடமாகிவிட்டது.

பவளத்தை நன்றாகப் பார்க்க விரும்புவோர் வடக்கே நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போகிறார்கள். மாடப்புறாக்கள் கூடுகட்டும் அந்தப் பாறைத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று.

மலைக்கு வருவோர் பெரும்பாலும் கோயிலுக்கு வருபவர்கள். பழமும் பூவும் கொண்டுவந்த பொலித்தீன் பையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள். வாசலருகே படுத்திருக்கும் மானுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.