விழுப்புண் காத்த குரல்

சங்ககால மகளிர் குரலிசையைக் காவலாகவும் ஆறுதலாகவும் கொண்டனர். புறநானூற்றின் 281ஆம் பாடலில், புண்பட்ட வீரனைக் காக்கத் தலைவி தோழியை அழைக்கிறாள். அங்கே காஞ்சிப்பண் பாடுதலோடு யாழ், மணி, ஐயவி, நறும்புகை ஆகியனவும் இடம்பெறுகின்றன. மலைபடுகடாமிலோ, புலி பாய்ந்த கணவரின் மார்புப்புண் தணியக் கொடிச்சியர் பாடும் பாடலே காப்பாகிறது. பிற பொருள்கள் சுட்டப்படவில்லை.

இவற்றை இன்றைய ஒலிச் சிகிச்சையின் முன்னோடி என உடனே துணிவது பொருந்தாது. தொல்காப்பியத்தின் தொடாக்காஞ்சி, புண்ணோனைப் பேயிடமிருந்து மனைவி காத்தலையே சுட்டுகிறது. எனினும், சடங்கு என்று மட்டும் ஒதுக்கவும் இயலாது. தணித்தல் என்னும் நோக்கத்தை மலைபடுகடாம் வெளிப்படையாகவே கூறுகிறது. அருகிருந்து பாடிய குரல், புண்பட்டவனின் வேதனையோடு பாடிய மகளிரின் அச்சத்தையும் ஆற்றியிருக்கும் எனக் கருத இடமுண்டு.