ஓவியத்துக் குடிசையும் தோட்டத்து லயமும்

மேனாட்டுச் சித்திரங்களில் குடிசைக்குக் கிடைத்த மதிப்பு, அக்குடிசையில் வாழ்ந்தவனுக்குக் கிடைத்ததா என்று நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் 1821இல் எழுதிய ‘வைக்கோல் வண்டி’ என்ற எண்ணெய் வர்ணச் சித்திரம் உலகெங்கும் பிரசித்தமானது. பிஸ்கட்டுப் பெட்டிகளின் மூடியிலுங்கூட அச்சிடப்பட்டது. ஆற்றுநீரில் வண்டி நிற்கிறது. கரையில் ஒரு நாய். இடப்புறம் மரங்களின் அருகே ஓட்டுக்கூரை வேய்ந்த வீடு. லண்டனில் வாங்குவாரின்றிக் கிடந்த இப்படத்திற்கு 1824இல் பாரிஸில் தங்கப்பதக்கம் கிடைத்தது.

அவ்வீட்டுக்காரர் வில்லி லாட் என்னும் உழவர். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கேயே வாழ்ந்தார் என்பர்; நான்கு நாட்கள்கூட முழுதாக வெளியில் தங்கியதில்லையாம்! இது கொடுத்துவைத்த வாழ்வு. அதே கிழக்கு ஆங்கிலியப் பகுதியில், 1816இல் ரொட்டி விலை ஏறிக் கூலி போதாமற்போகவே ஏழைகள் கலகஞ் செய்தனர். ஈலி நகரில் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். 1822இல் சபோக் மாவட்டத்தில் இரவுதோறும் தீ தென்படுவதாகத் தம் சகோதரர் கூறியதைக் கான்ஸ்டபிளே நண்பருக்கு எழுதினார். ஆலைக்காரர் மகனான அவர் தம் ஊரை மெய்யாகவே நேசித்தவர். அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. எனினும், அந்தத் தீயின் வெளிச்சம் அவருடைய சித்திரத்தில் விழவில்லை.

இனி நம் லூமுட் வட்டாரத்திற்கு வருவோம். 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப்பின் டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்த இப்பகுதி, 1935இல் பேராக்கிடம் திரும்பிற்று. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழர் கங்காணிகளின் பின் வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம்: நெடுங்கொட்டகை ஒன்றைப் பலகையால் தடுத்து, அறைக்கொரு குடும்பம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் இருமல் இந்த வீட்டில் கேட்கும். வாசலில் முருங்கையும் துளசியும் நட்டு, அதைத் தம் வீடென்றே எண்ணி வாழ்ந்தவர் பலர். ஆனால் வேலை போனால் வீடும் போயிற்று. இத்தகைய லயத்தை எந்தத் துரையாவது கூடத்தில் மாட்ட எண்ணியிருப்பானா?

1950களில் துரைமார் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியோர் துண்டாடி விற்றனர். அதனால் வேலையும் இருப்பிடமும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பல. அந்நெருக்கடியில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரராகும்படி வேண்டினார். பட்டாளத்திலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்த பணமன்று அது. விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்களின் பணம். அப்பணத்தில்தான் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.