பாலில் தெரியாத கட்மியம்: மலைநாட்டுத் தோட்டங்களில் எதைப் பரிசோதிக்க வேண்டும்?

நுவரெலியா, அற்றன் தோட்டங்களில் பார உலோக மாசை அளக்க எளிதில் கிடைக்கும் மாதிரி பால். ஆனால் பால் சுத்தமாக இருப்பதால் மேய்ச்சல் நிலமும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பசு உட்கொள்ளும் கட்மியத்தில் உடலில் தங்குவது பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்கிறது. மடிக்குப் போவது மிகச் சொற்பம். மாட்டின் இறைச்சிக்கும் உள்ளுறுப்புகளுக்கும் ஒரு கிலோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள கட்மிய வரம்புகளே இதைக் காட்டுகின்றன: இறைச்சிக்கு 0.05 மில்லிகிராம், ஈரலுக்கு 0.5, சிறுநீரகத்துக்கு 1.0. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தில் சேர்மானமும் கூடும். லயத்தின் பின்புறத் தொழுவத்தில் பல ஆண்டு கறவைக்கு நின்று, கடைசியில் இறைச்சிக்கு விற்கப்படும் மாட்டைத்தான் இங்கே முதலில் பார்க்க வேண்டும்.

கட்மியம் எங்கிருந்து வரக்கூடும்? பொசுபேற்றுப் பசளையில் அது இயல்பாகவே கலந்திருக்கும். அளவு பாறைக்குப் பாறை மாறும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பண்டார குழுவினர் 2008இல், வடமத்திய மாகாண விவசாயக் குடும்பங்களின் சிறுநீரக நோயை அரிசியிலும் நன்னீர்த் திலாப்பியா மீனிலும் இருந்த கட்மியத்தோடு தொடர்புபடுத்தினர். பின்னர் மேல் மகாவலிப் பகுதியின் பசளைப் பாவனையையும் சுட்டினர். நோய்க் காரணம் பற்றிய அவர்களின் முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் பசளையிலிருந்து நீருக்கும் மீனுக்கும் போகும் வழி இருக்கிறதா என்ற கேள்வியை அந்த விவாதம் தள்ளிவிடவில்லை. தேயிலைக்குப் பெரும்பாலும் கட்மியம் குறைந்த உள்ளூர் எப்பாவல பாறைப் பொசுபேற்றே இடப்படுகிறது. எனவே என் சந்தேகம் தேயிலை மலையைவிட, இறக்குமதிப் பசளையைத் தாராளமாக வாங்கும் பக்கத்து மரக்கறித் தோட்டங்கள் மீதே. அமில மண்ணில் கட்மியம் எளிதில் பயிருக்குள் ஏறும். கழித்த கரட் இலையும் கோவாவும் மாட்டுக்குத் தீனியாகும்.

உண்பவரின் உடல்நிலையும் கணக்கில் வரவேண்டும். இரும்பைக் குடலிலிருந்து உள்ளே எடுத்துச்செல்லும் அதே புரதம் கட்மியத்தையும் எடுத்துச்செல்கிறது. குருதிச்சோகை பரவலாக உள்ள கொழுந்து பறிக்கும் பெண்கள் உண்ணும் கட்மியத்தில் கூடுதலான பங்கு அவர்கள் உடலில் தங்கும். அதற்காக ஈரலை விலக்கச் சொல்வது தவறு; அது அவர்களுக்கு எட்டக்கூடிய நல்ல இரும்புச்சத்து உணவு. 2010இல் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வகுத்த மாத எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 1,125. மேற்சொன்ன ஐரோப்பிய வரம்பைத் தொட்ட ஈரலை வாரம் 100 கிராம் உண்டாலும் மாதத்துக்குச் சுமார் 200தான். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கட்மியம் உள்ள அரிசியை நாளுக்கு 300 கிராம் உண்டால் 900 ஆகிவிடும்.

ஆகவே தோட்டப் பகுதியில் ஆய்வு செய்வோர் பால் மாதிரியோடு நின்றுவிடக் கூடாது. இறைச்சிக்கூடத்தில் மாட்டின் வயதையும் அது வளர்ந்த இடத்தையும் பதிந்து சிறுநீரக மாதிரி எடுக்க வேண்டும்; காசல்ரீ, மேல் கொத்மலை நீர்த்தேக்க மீன்களையும் சேர்க்க வேண்டும். அதே குடும்பங்களின் அரிசியையும் பெண்களின் இரும்புச்சத்து நிலையையும் உடன் அளந்தால்தான், எந்த உணவைக் குறைக்கச் சொல்வது என்று பேச ஆதாரம் கிடைக்கும்.