மாத்தளை மலைச்சாரலில் மழையும் பாதமும் - ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே நக்கிள்ஸ் மலைத்தொடர் உயர்ந்து நிற்கின்றது. றத்தோட்டை, எல்கடுவை முதலிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் அதன் சாரலில் அமைந்தவை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் அங்கே பனிமூட்டமும் மழையும் குளிரும் ஒருங்கே சேரும். இத்தகைய நிலத்தில் வாழ்ந்தோர் தம் காலுக்கு எதனை அணிந்தனர் என்னும் வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின், மலையக மக்களின் உடல்நல வரலாற்றின் ஒரு பகுதி இவ்வினாவினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

கண்டி அரசில் பாதணியைத் தீர்மானித்தது மழையன்று, தகுதியே. 1660 முதல் 1679 வரை அவ்வரசில் கைதியாயிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கு மட்டுமே உரிய அணிகளெனவும், ஆணாயினும் பெண்ணாயினும் பிறர் எவரும் அவற்றை அணிவதில்லையெனவும் எழுதியுள்ளார். (சப்பாத்து என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதென்பது ஈண்டு நினைவுகொள்ளற்பாலது.) எனவே மாத்தளைக் குடியானவன் வெறுங்காலுடனேயே சேற்றில் இறங்கினான்.

அக்காலத்தில் மழைக்காட்டில் நடப்போரை வாட்டிய பகை அட்டை. 1344 ஆம் ஆண்டளவில் சிவனொளிபாத மலைக்குச் சென்ற இபுன் பதூதா, மக்கள் அட்டைக்கடிக்கு எலுமிச்சம்பழச் சாற்றைப் பயன்படுத்தியதைக் குறித்துள்ளார். 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மலைநாட்டிற் சென்ற படையினருள், சிறப்பாகச் சென்னைச் சிப்பாய்களும் முன்னோடிப் படையினரும் கூலிகளும் அட்டைக்கடியாற் பெரிதும் துன்புற்றுப் பலர் மாண்டனரென எமேர்சன் தெனன்ற் எழுதுகின்றார். அவரே கோப்பித் துரைமார் நெருக்கமாக நெய்த துணியாலான அட்டைக் காலுறைகளை அணிந்ததையும், சுதேசிகள் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் எலுமிச்சஞ்சாறும் பூசிக்கொண்டதையும் அருகருகே கூறிச் செல்கின்றார். ஒரே மலை, ஒரே மழை. ஒருவனுக்குத் துணி, மற்றவனுக்குச் சாம்பல். இவ்வேறுபாடு தெனன்றுக்கு வியப்பளித்ததாகத் தெரியவில்லை.

கோப்பிக் காலத்திற் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக நூறு மைலுக்கு மேற்பட்ட வடபாதையை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். அவர்கள் புறப்பட்டது வறண்ட நிலத்திலிருந்து. வந்து சேர்ந்ததோ ஈரம் உலராத மண்ணுக்கு. தோட்டம் அவர்களுக்கு மழைக்கென வழங்கியது கம்பளி. அதன் விலையும் அவர்களுடைய கணக்கிலேயே பற்றாக எழுதப்பட்டது. தலைக்கும் முதுகுக்கும் கம்பளியும் சாக்கும் உண்டு. காலுக்கு எதுவும் இல்லை.

இதற்கு ஏழ்மை மட்டுமே காரணமன்று என வாதிடுவோர் உளர். செங்குத்தான சரிவில் ஈரக் கல்லைப் பற்றுவதற்கு வெறும் விரல்களே ஏற்றவை. தோற்செருப்பு மழையில் ஊறிக் கனக்கும், பின்னர் வெடிக்கும். முழங்கால்வரை உயர்ந்த சப்பாத்தினுள்ளும் காலில் வழிந்திறங்கும் நீர் நிரம்பும் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவளுக்குப் பாதம் வழுக்குதல் பேராபத்து. ஆயினும் ஒன்றை மறுக்கும் வாய்ப்பு உள்ளவனே அதனைத் தெரிவு செய்யாதுவிட்டான் எனக் கூறுதல் பொருந்தும். அவ்வாய்ப்பு லயத்தில் வாழ்ந்தவனுக்கு இருக்கவில்லை.

நீர் புகாத பாதணிக்கு வழிகோலியது இறப்பர். பதப்படுத்தப்படாத இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் இறுகும். 1839 இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்துடன் அதனைச் சூடாக்கி இக்குறையை நீக்கினார். 1853 இல் பிரான்சிலும் 1856 இல் எடின்பரோவிலும் இறப்பர்ப் பாதணித் தொழில்கள் தோன்றின. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த வித்துக்களின் நாற்றுக்கள் 1876 இல் இலங்கையை அடைந்து, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளிலும் கொக்கோவுடன் இறப்பர் பரவியது.

முதலாம் உலகப் போரில் ஈரமான பதுங்குகுழிகளில் நின்ற பிரித்தானியப் போர்வீரரின் கால்கள் அழுகத் தொடங்கவே, எடின்பரோவிலிருந்து பத்து இலட்சம் சோடிக்கு மேற்பட்ட இறப்பர்ச் சப்பாத்துக்கள் போர்முனைக்குச் சென்றன. அதே போரின் நடுவே, 1916 இல், றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இலங்கையின் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தொடங்கியது. அது தொடங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள்.

கொழுக்கிப்புழு வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியும் புகும் என்பதை எகிப்திற் பணியாற்றிய ஆதர் லூஸ் 1898 இல் தம் கையிலேயே கண்டறிந்தார். நிழலும் ஈரமும் வெம்மையும் உள்ள மண்ணில் அதன் குடம்பி காத்திருக்கும். வெறும் விரலிடுக்கின் வழியே நுழையும். குருதியுடன் நுரையீரலை அடைந்து, தொண்டைக்கேறி, விழுங்கப்பட்டுக் குடலிற் தங்கிக் குருதியை உறிஞ்சும். அட்டையாவது கண்ணுக்குத் தெரியும், பிடுங்கி எறியலாம். இப்புழுவோ உள்ளிருந்தே உடலை வெளிற வைத்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரிடம் அது காணப்பட்டது.

தொழிலாளருக்குத் தைமோல், கீனோப்போடியம் எண்ணெய் முதலியன கொடுக்கப்பட்டன. மருந்து புழுவை வெளியேற்றியது, மண்ணோ மாறவில்லை. மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்ட நிருவாகங்கள் தயங்கின. குணமானோர் அதே நிலத்தில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றனர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே நோய்க்கெதிராக மலசலகூடத்துடன் சப்பாத்தும் வலியுறுத்தப்பட்டது. இலங்கைத் தோட்டங்களிலோ வெறுங்கால் மாற்ற முடியாத இயல்பாகவே கொள்ளப்பட்டது. நோயொழிப்பின் நோக்கங்களுள் கூலியின் உழைப்புத்திறனைக் கூட்டுவதும் ஒன்றாயிருக்க, அவ்வுழைப்பிற்கு ஒரு சோடி பாதணியின் செலவுகூட மிகையாகப்பட்டது போலும்! பால் வெட்டியவனின் கையில் இறப்பர் இருந்தது, காலில் இருக்கவில்லை.

பிற்காலத்தில் மலிவான இறப்பர்ச் செருப்பு லயங்களையும் அடைந்தது. அது முற்றத்துச் சேற்றுக்கு உதவும், மலைச்சரிவில் வழுக்கும், அட்டையைத் தடுக்காது. இன்று நக்கிள்ஸ் காட்டைக் காண வரும் உல்லாசப் பயணிகள் முழங்கால்வரை அட்டைக் காலுறை அணிந்து நடக்கின்றனர். தெனன்ற் கண்ட அதே நெருக்கமான நெசவுதான். அவர்கள் கடந்து செல்லும் தேயிலை மலைகளிலோ, கொழுந்துக்கூடையுடன் நிற்கும் பெண்கள் கால்களிற் சவர்க்காரத்தையும் சுண்ணாம்பையும் பூசிக்கொள்கின்றனர்.