மண்ணுக்கு உரியவன்

எபிரேய மொழியில் "கோனே" என்றொரு சொல் உண்டு. அரபு பயின்றோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஸகாத் பாடத்தில் வியாபாரச் சரக்கினின்று பிரித்து, ஒருவன் தனக்கென வைத்துக்கொண்ட உடைமையைக் "கின்யா" என்று ஓதுகின்றோமல்லவா? அச்சொல்லின் மூலமே இதற்கும் மூலம். சூரத்துந் நஜ்மில் வரும் "அக்னா" என்னும் வினையும் அவ்வினத்ததே.

ஆதியாகமத்தில், போரில் வென்று மீண்ட இப்ராஹீம் (அலை) அவர்களைச் சாலேம் மன்னர் மெல்கிசேதேக்கு வாழ்த்துங்கால், இறைவனை வானத்திற்கும் பூமிக்கும் "கோனே" என்கின்றார். இதற்குப் படைத்தவன் என்று பொருளா, உடையவன் என்று பொருளா என அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். படைத்தவன் எவனோ அவனே உடையவன் என நம்பும் நமக்கு அவ்வழக்கு பெரிதாகத் தோன்றவில்லை. துருக்கி நாட்டின் கராதெப்பேயில் 1946இல் கண்டறியப்பட்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பினீசியக் கல்வெட்டும், "எல்" என்னும் தெய்வத்தைப் பூமியின் "கோனே" என்றே அழைக்கின்றது. ஆகவே அண்டை நாட்டாரும் இப்பட்டத்தை அறிந்திருந்தனர். பனூ இஸ்ராயீல் வேதத்திலோ பட்டமாக இருந்தது சட்டமாயிற்று. நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அதனையே.

இன்று கைவசமுள்ள தவ்ராத், மூஸா நபி (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட அதே வடிவில் இல்லை என்பது நம் கொள்கை. ஆயினும் வரலாறு ஆய்வோர் அதனைப் புறந்தள்ளல் ஆகாது. லேவியராகமத்தின் 25ஆம் அத்தியாயம், நிலம் இறைவனுடையது, மக்கள் அவனிடத்தில் வந்து தங்கிய பரதேசிகள், ஆதலால் நிலத்தைச் சாசுவதமாகக் கிரயம் செய்தல் கூடாது என விதிக்கின்றது. வறுமையால் விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு முழங்கியதும் விற்றவன் குடும்பத்திற்கே மீளும். அதுவரை எத்தனை மகசூல் கிடைக்குமோ அத்தனைக்கே விலை. நம் ஊர் வழக்கில் சொல்வதானால் இது கிரயமன்று, நீண்ட குத்தகை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டிற்கு, லேவியர் வீடு நீங்கலாக, இச்சலுகை இல்லை. ஓராண்டிற்குள் மீட்காவிடின் அது வாங்கியவனுக்கே. சோறு போடும் மண்ணிற்கே இக்காவல். மனிதனுக்கும் இதே நியாயம் சொல்லப்படுகின்றது: இஸ்ரவேலன் ஏற்கெனவே இறைவனின் அடிமை, எனவே அவனை மற்றொருவனுக்கு அடிமையாக விற்றல் ஆகாது.

பாபிலோன் மன்னன் அம்மிசதூகா கி.மு. 17ஆம் நூற்றாண்டில் கடன்களை நீக்கிப் பிறப்பித்த ஆணை களிமண் பலகைகளில் கிடைத்துள்ளது. அது மன்னன் மனமிரங்கினால் வருவது. இங்கோ மன்னனைக் கேட்க வேண்டுவதே இல்லை.

ஐம்பதாம் ஆண்டு நடைமுறையில் அனுசரிக்கப்பட்டதாக எபிரேய வேதத்தில் நிகழ்ச்சிக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் நாபோத் என்னும் குடியானவனின் வரலாறு உண்டு. யெஸ்ரயேலில் ஆகாப் மன்னனின் மாளிகையை அடுத்து அவனுக்கொரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாப் சிற்றரசன் அல்லன். கி.மு. 853இல் நடந்த கர்கர் போரைக் கூறும் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரின் கல்வெட்டு, ஆகாபின் தேர்கள் 2,000 என்று கணக்கிடுகின்றது. அத்தகையோன் கீரை பயிரிட அத்தோட்டத்தைக் கேட்டான், பறிக்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம், அல்லது ரொக்கம் என்று நியாயமான விலையே பேசினான். தந்தையர் வழி வந்த பங்கைக் கொடுக்க இறைவன் இடந்தரமாட்டான் என்று நாபோத் மறுத்தான். மன்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்ணாமல் கட்டிலில் படுத்துவிட்டான்! அவனுக்கும் அந்த நியாயம் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சீதோன் நாட்டு இளவரசியான யேசபேலுக்கோ அது புரியவில்லை. இரு பொய்ச்சாட்சிகளை ஏவி, இறைவனையும் அரசனையும் நிந்தித்தான் என்று பழி சுமத்தி நாபோத்தைக் கல்லெறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைக் கைக்கொள்ளச் சென்ற மன்னனை அங்கேயே எதிர்கொண்டு கண்டித்தவர் இல்யாஸ் (அலை) அவர்கள்.

இமாம் பகவீ (வஃபாத் ஹிஜ்ரி 516) தம் தஃப்ஸீரில் இக்கதையைச் சொல்கின்றார். அங்கே தோட்டக்காரரின் பெயர் மஸ்தகீ. மன்னன் அவரிடம் நன்முறையில் நடக்க, அரசியே பொறாமை கொள்கின்றாள். அவ்வடிவில் நாபோத்தின் மறுமொழிக்கு இடமில்லை. தோட்டக்காரன் நல்ல விலையை ஏன் வேண்டாமென்றான் என்பதை அறிய எபிரேய நூலுக்கே செல்ல வேண்டியுள்ளது. லேவியராகமம் இன்றைய வடிவில் எழுதப்பட்டது ஆகாபுக்குப் பிந்தியே என்பர் ஆய்வாளர் பலர். அங்ஙனமாயின், எழுத்திற்கு முன்பே வழக்கம் வேரூன்றி இருந்ததற்கு நாபோத்தே சாட்சி.

மண்ணும் ஒரு சாட்சி தந்தது. ஆகாபின் தலைநகரான சமாரியாவில் 1910இல் ஜார்ஜ் ரைஸ்னர் குழுவினர் மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகளைக் கண்டெடுத்தனர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் திராட்சை இரசமும் எண்ணெயும் வந்த கணக்கு அவற்றில் உள்ளது. அனுப்பிய பகுதிகளின் பெயர்களுள் நோவாள், ஒக்லாள் என்னும் இரண்டு உண்டு. எண்ணாகமத்தில், ஆண் வாரிசின்றி இறந்த தந்தையின் பங்கைக் கேட்டு மூஸா நபி முன் நின்ற செலொப்பியாத்தின் புதல்வியர் ஐவருள் இருவரின் பெயர்கள் இவை. இறைத்தீர்ப்பு அப்பெண்களுக்கே சாதகமாயிற்று. உடன்பிறந்தாளின் ஃபராயிள் பங்கை "அவளே விட்டுக்கொடுத்தாள்" என எழுதி வாங்கும் குடும்பத்தார் இவ்வோட்டுச் சில்லுகளைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

நிலம் கைமாறுவது பெரும்பாலும் கடனாலேயே. கி.மு. 445இல் ஜெரூஸலம் வந்த நெகேமியா, பாரசீக மன்னனின் வரிக்காக வயலை அடகு வைத்தும் பிள்ளைகளை அடிமைப்படுத்தியும் தவித்த மக்களைக் கண்டு, செல்வரைக் கண்டித்து வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஏழாம் ஆண்டில் கடன் நீங்கும் என்பது உபாகமச் சட்டம். அவ்வாண்டு நெருங்க நெருங்கச் செல்வர் கைகளை மூடிக்கொண்டனர். ஏழைக்குக் கடன் கிடைக்காமற் போவது கண்ட இல்லேல் என்னும் யூத அறிஞர், ஏரோது மன்னன் காலத்தில் ஒரு வழி வகுத்தார்: கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதி வைத்தால் அது நீங்காது. நோக்கம் நன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்டத்தின் உயிர்நாடி அத்துடன் தளர்ந்தது என்றே நமக்குப் படுகின்றது.

சாக்கடலுக்கு மேற்கே முரப்பஆத் ஓடைக் குகைகளில் 1950களின் தொடக்கத்தில் கிடைத்த ஏடுகளில் கடன் முறி ஒன்று உள்ளது. ரோமப் பேரரசன் நீரோவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 55 அல்லது 56இல், எழுதப்பட்டது. தொகை 20 ஸூஸ் வெள்ளிக்காசு. ஓய்வாண்டாக இருப்பினும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தந்துவிடுவதாகவும், தவறினால் தன் உடைமையிலிருந்து ஈடு செய்துகொள்ளலாம் என்றும் கடன்பட்டவனே அதில் ஒப்புக்கொள்கின்றான்.